மணிக்கூண்டு மகாராணியும் தாத்தாவின் மிளகாயும்

(பணி ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர் ஜார்ஜ்டவுன் பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று சாயங்காலம் இங்கே வரும்போது மணிக்கூண்டைச் சுற்றிக்கொண்டுதான் வந்தேன். நீங்களும் ஆயிரம் தடவை சுற்றியிருப்பீர்கள். விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்து 60 ஆண்டு நிறைந்த 1897இன் நினைவாக, சியா சென் இயோக் என்ற நம்மூர்ச் சீனச் செல்வந்தர் கட்டிக்கொடுத்தது. ஆண்டுக்கு ஓர் அடி என்று கணக்கு வைத்து 60 அடி உயரம். வேலை முடிந்தது 1902இல். அதற்குள் மகாராணி கண்ணை மூடிவிட்டார். உற்றுப் பார்த்தால் கூண்டு கொஞ்சம் சாய்ந்திருக்கும். யுத்தக் காலத்தில் குண்டு விழுந்த அதிர்ச்சி என்பார்கள்.

அந்த மகாராணியிடம் ஒரு சங்கதி இருந்தது. ஆரம்பத்தில் அவருக்கே அது தெரியாது. ஒன்பது பிள்ளைகளில் குறைந்தது மூன்று பேருக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போனார். மகன் லியோபோல்டு 1884இல், 30 வயதில், கால் தடுக்கி விழுந்து ரத்தம் நிற்காமல் இறந்தார். பேத்திகள் வழியாக அது ஸ்பெயினுக்கும் ரஷ்யாவுக்கும் போனது. அதைப் பற்றியும், என் தாத்தா தோட்டத்தில் பறித்த மிளகாயைப் பற்றியும் இன்றைக்குப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். இரண்டும் ஒரே கதைதான். போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் நம் வாயிலிருக்கும் ஒரு சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். ரத்தம். "அப்படியே அவங்க அப்பா ரத்தம்", "எங்க ரத்தத்துல அந்தப் பழக்கம் கிடையாது". பரம்பரை என்றாலே நமக்கு ரத்தம். அப்பா ரத்தம் பாதி, அம்மா ரத்தம் பாதி, இரண்டும் கலந்து பிள்ளை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தே தாரே ஆற்றுகிறவரிடம் போய், "அண்ணே, இந்தக் குவளையிலிருந்து பாலை மட்டும் திருப்பி எடுத்துக் கொடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். கலந்தது கலந்ததுதான். பரம்பரை அப்படிக் கலக்குமானால் பத்துத் தலைமுறையில் ஊரே ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே மூக்காகியிருக்கும். கடைத்தெருவில் கால் மணி நேரம் நின்று வேடிக்கை பாருங்கள். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பியே ஒன்றுபோல் இருப்பதில்லை. பாட்டியின் கண் மகனிடம் காணோம், பேத்தியிடம் அப்படியே வந்து நிற்கிறது. நடுவில் ஒரு தலைமுறை அது எங்கே போயிருந்தது? டார்வினே கலப்புக் கணக்கில்தான் இருந்தார், இந்தக் கேள்விக்கு அவரிடம் சரியான பதில் இல்லை.

பதில் ஒரு பட்டாணித் தோட்டத்தில் இருந்தது. நம் கச்சாங் பூத்தேக்காரர் கூம்பில் போட்டுக் கொடுப்பாரே, அதே பட்டாணி. இன்று செக் நாட்டில் இருக்கும் பிர்னோ நகரத்து மடத்தில் துறவியாக இருந்த கிரிகோர் மெண்டல், 1856 முதல் எட்டு ஆண்டு அதை விதைத்தார், கலந்தார், எண்ணினார். எண்ணினார் என்பதைக் கவனியுங்கள். அவருக்கு முன்னால் செடியைக் கலந்தவர்கள் பலர் உண்டு. கலந்ததை உட்கார்ந்து எண்ணியவர் இவர்.

உருண்டைப் பட்டாணிச் செடியையும் சுருக்கப் பட்டாணிச் செடியையும் சேர்த்தார். பிறந்த விதை அத்தனையும் உருண்டை. சுருக்கம் ஒன்றுகூட இல்லை. கலப்புக் கணக்குப்படி அரைச் சுருக்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. சரி, சுருக்கம் அழிந்துவிட்டது என்று அங்கேயே விட்டிருந்தால் அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது. அந்த உருண்டைகளை மறுபடி விதைத்து, தம்மைத் தாமே சூல்கொள்ள விட்டார். 7,324 விதை கிடைத்தது. அதில் 5,474 உருண்டை. மீதி 1,850 சுருக்கம்! பேரப்பிள்ளைகளிடம் திரும்பி வந்துவிட்டது, கால் பங்கு. அதுவும் அரைகுறையாக இல்லை, பாட்டியிடம் இருந்த அதே முழுச் சுருக்கம்.

அவர் போட்ட கணக்கு இதுதான். ஒவ்வொரு பண்புக்கும் செடியிடம் இரண்டு குறிப்பு இருக்கிறது, தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று. நாம் மரபணு என்கிறோம். பிள்ளைக்குக் கொடுக்கும்போது இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்க முடியும், எது என்பது திருவுளச்சீட்டு. உருண்டைக் குறிப்பு ஒன்று இருந்தாலே விதை உருண்டையாகிவிடும், சுருக்கக் குறிப்பு பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும். பேசாமல் இருக்கிறதே தவிர, கரையவில்லை. அடுத்த தலைமுறையில் இன்னொரு சுருக்கக் குறிப்போடு சேர்ந்தால் வெளியே வரும். இதைத்தான் பாடப் புத்தகத்தில் ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று படித்தீர்கள், படித்து எஸ்.பி.எம். தேர்வு முடிந்த மறுநாளே மறந்தீர்கள்.

ஒரு குறிப்பு ஏன் பேசாமல் இருக்கிறது? நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதைக் கேட்ட மாணவனுக்கு "அது அப்படித்தான்" என்றேன். பாவம், நல்ல கேள்வி. பட்டாணி விஷயத்தில் 1990இல்தான் விடை தெரிந்தது. சர்க்கரையை மாவுச்சத்தாக்குவதற்கு விதைக்குள் ஒரு நொதி வேலை செய்கிறது. சுருக்கப் பட்டாணியில் அந்த நொதிக்கான குறிப்புக்கு நடுவே எங்கிருந்தோ வந்த ஒரு துண்டு செருகிக்கொண்டு அதைக் கெடுத்துவிட்டது. நொதி இல்லாததால் சர்க்கரை தேங்குகிறது. சர்க்கரை தண்ணீரை இழுக்கிறது, விதை உப்புகிறது, காயும்போது உப்பிய தோல் சுருங்கிவிடுகிறது. அந்தக் குறிப்பின் நல்ல படி ஒன்றிருந்தால் போதும், தேவையான நொதியை அதுவே செய்துவிடும். வீட்டில் இரண்டு பேரில் ஒருவர் சமைத்தாலும் சாப்பாடு வந்துவிடுகிற மாதிரி. கெட்டுப்போன படி ஒன்று வீட்டில் இருக்கிறது என்பது வெளியே தெரியாது. இரண்டும் கெட்டதாக அமைந்த விதையில்தான் தெரியும்.

மெண்டல் 1865இல் இதைக் கூட்டத்தில் வாசித்தார், மறு ஆண்டு அச்சிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை. லியோபோல்டு இளவரசர் இறந்த அதே 1884இல் அவரும் இறந்தார். 1900இல் மூன்று ஐரோப்பியர் தனித்தனியாக அதே முடிவுக்கு வந்து, பழைய ஏட்டைப் புரட்டினால் ஒரு துறவி 34 ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்.

இப்போது மகாராணிக்குத் திரும்புவோம். நம் உயிரணு அநேகமாக ஒவ்வொன்றிலும் இந்தக் குறிப்புகளைத் தாங்கும் 46 குரோமோசோம், 23 சோடி. இருபத்திரண்டு சோடி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். கடைசிச் சோடி பெண்ணுக்கு எக்ஸ், எக்ஸ். ஆணுக்கு எக்ஸ், ஒய். தாய் எக்ஸை மட்டும்தான் தர முடியும். தந்தை எக்ஸைத் தந்தால் மகள், ஒய்யைத் தந்தால் மகன். மூன்றும் பெண்ணாகப் பிறந்ததென்று மருமகளைக் கரித்துக்கொட்டுகிற மாமியார் யாராவது இங்கே இருந்தால், தம் மகனிடம் பேசிக்கொள்ளட்டும். இதற்கு மேல் அதில் விளக்கம் ஒன்றுமில்லை.

ஒய் சின்னஞ்சிறியது. எக்ஸில் இருக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அதில் இணை கிடையாது. அதனால் ஆணுக்கு எக்ஸில் உள்ள குறிப்பு ஒற்றைப் படி. கெட்டால் ஈடுகட்ட இன்னொன்று இல்லை. ரத்தத்தை உறையவைக்கும் பொருள் ஒன்றுக்கான குறிப்பு அந்த எக்ஸில் இருக்கிறது. விக்டோரியாவிடம் ஒரு படி நல்லது, ஒரு படி கெட்டது. நல்ல படி வேலையைப் பார்த்துக்கொண்டதால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. லியோபோல்டுக்குப் போய்ச் சேர்ந்தது கெட்ட படி. மகள்கள் ஆலிஸும் பியாட்ரிஸும் அம்மாவைப் போலச் சுமந்தார்கள். ஆலிஸின் மகள் ரஷ்யச் சக்கரவர்த்தினியானார். அவருடைய ஒரே மகன் அலெக்ஸி சின்னக் காயத்துக்கும் உயிருக்குப் போராடினான். ராஸ்புடின் என்ற சாமியார் அந்த அரண்மனைக்குள் நுழைந்து ஆட்டிவைத்தது இந்தப் பிள்ளையின் நோயை வைத்துத்தான். அந்தக் குடும்பத்தைப் புரட்சியாளர் சுட்டுக் கொன்று புதைத்த இடத்தில் கிடைத்த எலும்புகளை 2009இல் சோதித்தபோது, மாறியிருந்தது மரபணுவில் ஒரே ஓர் எழுத்து என்று தெரிந்தது. மூத்த மகன் எட்வர்டுக்கு அம்மா தந்தது நல்ல எக்ஸ். ஆகவே அவர் வழி வந்த இன்றைய பிரித்தானிய அரச குடும்பத்தில் அது இல்லை.

என் தாத்தா அரசர் இல்லை, செபராங் பிறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அம்மாவின் அப்பா. லயத்துக்குப் பின்னால் பாட்டி மிளகாய் போட்டிருப்பார். "பழத்த மட்டும் பறிச்சுட்டு வாங்க" என்றால் காயும் பழமும் சரிபாதியாகக் கொண்டுவந்து கொட்டுவார். பாட்டி ஆரம்பித்துவிடுவார்: "கண்ணு என்னா பொடனியிலயா இருக்கு ஒங்களுக்கு?" தாத்தா அசட்டையாகப் பறிப்பதாகத்தான் எல்லாரும் நினைத்தோம். என் அம்மாவுக்கு அந்தத் தொல்லை கிடையாது. தூரத்திலிருந்தே பழத்தைக் குறிபார்த்துப் பறிப்பார். பிறகு நான் பள்ளிக்கூடம் போனேன். தேசப்படத்தில் காட்டுக்கு மண்நிறம் பூசிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆசிரியர் ஒருவர் காதைத் திருகினார். பச்சையும் சிவப்பும் எனக்குப் பிரிந்து தெரியாது என்று 17 வயதில்தான் எனக்கே தெரிந்தது. அந்தக் குறிப்பும் எக்ஸில்தான் இருக்கிறது. தாத்தாவின் ஒரே எக்ஸ் என் அம்மாவுக்கு வந்தாக வேண்டும், வேறு வழியே இல்லை. அம்மாவிடம் அது பேசாமல் இருந்தது. எனக்குக் கொடுக்கும்போது குலுக்கலில் தாத்தாவுடையது விழுந்தது.

மகாராணியின் நோயும் தாத்தாவின் கண்ணும் ஒரே குரோமோசோமில்தான் குடியிருக்கின்றன. ரத்தம் உறையாத நோயும் பச்சை சிவப்புக் குழப்பமும் குடும்பங்களில் பிணைந்து வருவதை 1937இல் ஜூலியா பெல்லும் ஜே.பி.எஸ். ஹால்டேனும் கொடிவழிகளை வைத்து நிறுவினார்கள். மனிதரில் இரண்டு பண்பு ஒன்றாகப் பிணைந்து வருவதை முதன்முதலில் காட்டிய வேலை அது. இந்த ஹால்டேன் நமக்கு முழு அந்நியர் இல்லை. 1957இல் இங்கிலாந்தை விட்டு இந்தியாவில் குடியேறி, அந்நாட்டுக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்தார். அவர் இன்னொரு முறையும் இந்தப் பேச்சில் வருவார்.

எக்ஸில் இருக்கும் இன்னொன்று உங்கள் வீட்டுப் பீரோவரைக்கும் வருகிறது. ஜி-6-பி-டி. இந்த நாட்டில் 1980களிலிருந்து பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து இதைச் சோதிக்கிறார்கள். குறை இருந்தால் தாதி ஓர் அட்டை கொடுத்து, "பாச்சை உருண்டை வைக்காதீங்க" என்பார். மலாய்க்காரர் 'உபாட் கெகாட்' என்பாரே, துணிக்கிடையில் போடும் வெள்ளை உருண்டை. குழந்தைக்கும் பீரோவுக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. சிவப்பணுவைத் தாக்கும் பொருள்களிலிருந்து அதைக் காக்கிற நொதி இது. நொதி குறைந்த குழந்தையை, பல மாதம் அந்த உருண்டையோடு பெட்டியில் கிடந்த பழைய தொட்டில் துணியில் சுற்றினால், வாடை ஏறி சிவப்பணுக்கள் மளமளவென்று உடையும். மஞ்சள் காமாலை கடுமையாகி மூளைவரை பாதிக்கலாம். சிலவகை மலேரியா மாத்திரையும், கச்சாங் பூத்தே வண்டியில் விற்கும் கச்சாங் பாராங் அவரையும் அதே வேலையைச் செய்யும். உலகத்தில் 40 கோடிப் பேருக்கு மேல் இந்தக் குறை உண்டு. தவிர்க்க வேண்டியதைத் தவிர்த்தால் ஆயுசு முழுக்க ஒன்றும் தெரியாமல் வாழ்ந்துவிட்டுப் போகலாம்.

பெண் குழந்தைக்கும் ஓரளவு வருகிறதே, அவளிடம் இரண்டு எக்ஸ் இருக்கிறதே என்று ஒரு மாணவி ஒருமுறை மடக்கினாள். கோப்பிக்கடை மேசைக்கடியில் படுத்திருக்கும் மூவண்ணப் பூனையைப் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளை, கறுப்பு, செம்பட்டை. அது அநேகமாக எப்போதும் பெண் பூனைதான். பெண்ணின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அணைந்துவிடுகிறது. கருவாக இருக்கும்போதே, இந்த அணுவில் இது, அந்த அணுவில் அது என்று. மேரி லயன் 1961இல் சொன்னது. கறுப்புக் குறிப்பு உயிரோடு இருக்கும் இடம் கறுப்புத் திட்டு, செம்பட்டைக் குறிப்பு இருக்கும் இடம் செம்பட்டைத் திட்டு. சுமக்கிற பெண்ணின் சிவப்பணுக்களும் அப்படித்தான். சில நொதியோடு, சில நொதி இல்லாமல். நல்லவை எத்தனை, மற்றவை எத்தனை என்பதைப் பொறுத்து அவளுக்கும் தொல்லை வரலாம், வராமலும் போகலாம்.

இனி, இன்றைக்கு நான் இங்கே வந்ததற்கு முக்கியக் காரணம். தலசீமியா.

கிரேக்க மொழியில் தலாசா என்றால் கடல். 1925இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் தாமஸ் கூலி என்ற குழந்தை மருத்துவர் இந்த நோயை விவரித்தார். அவர் பார்த்த பிள்ளைகள் மத்தியதரைக் கடலோரத்திலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தக் கடலோடு அது நிற்கவில்லை. ஆப்பிரிக்கா, அரபு நாடுகள், இந்தியா, பர்மா, சயாம், நாம் இருக்கிற இந்தத் தீவு என்று நீண்ட வளையமாகக் கிடக்கிறது. அந்த வளையத்தை வரைந்தது கொசு. மலேரியா எங்கெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைக் கொன்றதோ அங்கெல்லாம் இந்தக் குறிப்பு தங்கியிருக்கிறது. ஒரு படி கெட்டவரின் சிவப்பணு கொஞ்சம் சிறியது, மலேரியாக் கிருமியால் அவருக்கு உயிராபத்து குறைவு. ஆக மற்றப் பிள்ளைகள் போன காய்ச்சலில் இவர்கள் பிழைத்தார்கள், குறிப்பும் பிழைத்தது. இந்தக் கருத்தை 1949வாக்கில் முன்வைத்தவர்தான் ஹால்டேன். சிவப்பணு அரிவாள் வடிவமாகும் நோய்க்கும், சற்றுமுன் சொன்ன ஜி-6-பி-டிக்கும் இதே கதை. நீலகிரி மலைவாழ் மக்களிடம் அந்த அரிவாள் அணு இருப்பதை 1952இல் லேமனும் கட்புஷும் கண்டார்கள்.

நம் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் கப்பலேறி வந்து காட்டை அழித்தபோது, முதலில் விழுந்தது காய்ச்சலில்தான். எந்தத் தோட்டத்துப் பழைய இடுகாட்டைக் கேட்டாலும் சொல்லும். அந்தக் காய்ச்சலில் தப்பியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். எந்தப் பாட்டனை எது காப்பாற்றியது என்று யார் கண்டது? இதை ஏன் சொல்கிறேன் என்றால், "எங்க குடும்பத்துல அந்த மாதிரி அசிங்கமெல்லாம் கிடையாது" என்று ஓர் அம்மா என்னிடம் சொன்னார். உயிரைக் காத்த ஒன்றை அசிங்கம் என்கிறோம்.

கெட்ட படி ஒன்று இருப்பவர் நோயாளி இல்லை. அவருக்குத் தரும் அட்டையில் மலாயில் 'பெம்பாவா' என்று எழுதியிருக்கும். சுமப்பவர். அவர் ஓடலாம், ஆடலாம், தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்கலாம். ரத்தச் சோதனையில் சிவப்பணு சிறியதாகத் தெரியும், அவ்வளவே. இரும்புச்சத்துக் குறைவிலும் அப்படியே தெரியும் என்பதால் சிலர் ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்குவதுண்டு. மாத்திரையால் அணு பெரிதாகவில்லை என்றால் மேற்கொண்டு சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சுமப்பவர் இருவர் மணந்தால்தான் கணக்கு மாறுகிறது. ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு, இரண்டும் கெட்ட படியாக வர. நான்கில் இரண்டு, பெற்றோரைப் போலச் சுமக்க. நான்கில் ஒன்று, எதுவுமே இல்லாமல் பிறக்க. இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். முதல் பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது, ஆகவே அடுத்த மூன்றுக்கும் வராது என்று எண்ணிக்கொள்கிறார்கள். குலுக்கல் பெட்டிக்குப் போன தடவை எந்தச் சீட்டு வந்தது என்ற ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு முறையும் புதிதாக நான்கில் ஒன்று.

பீட்டா என்ற வகையில், இரண்டு படியும் கடுமையாகக் கெட்ட பிள்ளை பிறக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். கருவில் ஓடிய ஹீமோகுளோபின் வேறு. அது மெல்ல ஓய்ந்து, பெரியவர்களுடைய ஹீமோகுளோபின் வரவேண்டிய சில மாதத்தில் பிள்ளை வெளுக்கும். அதன்பின் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், வாழ்நாள் முழுக்க. தொல்லை அதோடு தீரவில்லை. ஒரு பை ரத்தத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. நாம் சாப்பாட்டிலிருந்து நாளொன்றுக்கு எடுத்துக்கொள்வது ஒன்று இரண்டு மில்லிகிராம்தான். மிஞ்சும் இரும்பை வெளியேற்ற உடம்பில் வாசல் இல்லை. அது இதயத்திலும் ஈரலிலும் போய்ப் படியும். அதை இறக்க ஒரு மருந்து. முன்பெல்லாம் வயிற்றுத் தோலில் ஊசி குத்தி, சிறு பம்ப்பை இரவெல்லாம் கட்டிக்கொண்டு தூங்குவார்கள். என் வகுப்பில் அப்படி ஒரு பையன் இருந்தான். காலையில் சட்டைக்குக் கீழே தடித்திருக்கும் இடத்தைத் தடவிக்கொண்டே வருவான். இப்போது விழுங்கும் மருந்து வந்துவிட்டது. எலும்பு மச்சை மாற்றினால் குணமாகும், ஆனால் பொருத்தமான கொடையாளி வேண்டும், உடன்பிறப்பானால் நல்லது. ஓர் அண்ணனோ தங்கையோ பொருந்துவதற்கு வாய்ப்பு, மறுபடியும், நான்கில் ஒன்று.

மலேசியாவில் தோராயமாக 20 பேரில் ஒருவர் இதில் ஏதோ ஒருவகையைச் சுமக்கிறார். மலாய்க்காரரிடம் ஹீமோகுளோபின் ஈ என்ற வகை அதிகம். சீனரிடம் தலசீமியாவின் ஆல்பா, பீட்டா இரண்டும் உண்டு. நம்மிடம் விகிதம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. பினாங்கு கலந்து வாழ்ந்த ஊர். சூலியர் மரைக்காயர் காலத்திலிருந்து தமிழ் ஆணும் மலாய்ப் பெண்ணும் மணந்து ஜாவி பெரானாக்கான் என்று ஒரு சமூகமே உருவான இடம். ஈயும் பீட்டாவும் ஒரு பிள்ளையிடம் சந்தித்தாலும் நோய் வரும், கடுமையாகவும் வரலாம். ஆகவே "நாங்க வேற இனம், எங்களுக்கு வராது" என்ற பேச்சு இந்த ஊரில் செல்லாது. 2016இலிருந்து நான்காம் படிவ மாணவர்களுக்குப் பள்ளியிலேயே இந்தச் சோதனை நடக்கிறது. பின்வரிசைத் தம்பிகளே, பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு தாள் கொடுப்பார்களே, அதைப் புத்தகப்பையில் கசக்கிவிடாதீர்கள்.

என் பழைய மாணவி ஒருத்திக்குச் சம்பந்தம் பேசினார்கள். நல்ல இடம். பெண் சுமப்பவள் என்ற அட்டையை அவளே ஒளிக்காமல் காட்டினாள். "நோய்க்காரப் பொண்ணு வேணாம்" என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்துபோனார்கள். அவள் அப்பா என்னிடம் வந்து அழுதார். நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன்: "மாப்பிள்ளை சோதிச்சாரா?" இல்லை. அவர் சுமக்காதவராக இருந்தால் அந்த வீட்டில் ஒரு பிள்ளைக்கும் அந்த நோய் வந்திருக்காது. சுமப்பவராக இருந்தால், சோதிக்காத வேறொரு பெண்ணைக் கட்டி, அவளும் சுமப்பவளாக அமைந்தால் என்ன ஆகும்? பத்துப் பொருத்தம் பார்த்தார்கள். கணப் பொருத்தம், ரச்சுப் பொருத்தம் எல்லாம் உத்தமம். அவளுக்குப் பிறகு நல்லபடியாகக் கல்யாணம் ஆனது. அந்த மாப்பிள்ளை இன்றைக்கும் சோதித்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

இனிமேல் சொல்லப்போவதற்கு உங்களில் சிலர் என்னிடம் கோபித்துக்கொள்ளலாம். சொந்தத்தில் கல்யாணம்.

நம் ஊர்க் கணக்கில் அத்தை மகள் முறைப்பெண், சித்தப்பா மகள் தங்கை. தாய்மாமன் அக்கா மகளைக் கட்டுவான். இந்த நாட்டின் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம்கூட, நெருங்கிய உறவில் மணம் கூடாது என்று சொல்லிவிட்டு, இந்து வழக்கப்படி அக்காள் தங்கை மகளை மணப்பதற்கு மட்டும் தனியாக விலக்குத் தந்திருக்கிறது. மரபணுவுக்கு இந்த முறை தெரியாது. என்னிடம் ஒரு கெட்ட படி இருந்தால், என் அக்காவிடம் அது இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, அவள் மகளிடம் இருக்க நான்கில் ஒன்று. அத்தை மகள் என்றால் அப்பா, அத்தை, மகள் என்று மூன்று படி இறங்க வேண்டும், எட்டில் ஒன்று. சித்தப்பா மகளுக்கும் அதே எட்டில் ஒன்றுதான்! ஒருத்தியைத் தங்கை என்கிறோம், ஒருத்திக்கு மாலை போடுகிறோம்.

ஊரில் 100 பேரில் ஒருவர் சுமக்கும் அரிய நோய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்பின் தெரியாத இருவர் மணந்தால் இருவருமே சுமப்பவராக இருக்க 10,000இல் ஒரு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்றால் அது ஏறக்குறைய 800இல் ஒன்றாகிவிடுகிறது. தாய்மாமன், அக்கா மகள் என்றால் 400இல் ஒன்று. அதற்காகச் சொந்தத்தில் கட்டியவர் வீட்டுப் பிள்ளையெல்லாம் குறையோடு பிறக்கும் என்று பயமுறுத்துவதும் பொய். பொதுவாக 100 குழந்தைகளில் இரண்டு மூன்று பெரிய குறையோடு பிறக்கின்றன, அத்தை மாமன் பிள்ளைகள் மணத்தில் அது சுமார் இரண்டு மடங்கு. பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கிறார்கள். இங்கேயே முன்வரிசையில் அக்கா மகளைக் கட்டி மூன்று பட்டதாரிகளைப் பெற்ற என் நண்பர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பிள்ளை ஏதோ காரணம் தெரியாத நோயில் போயிருந்தால், மறுபடி உள்ளேயே முடிச்சுப் போடுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். நம் வீடுகளில் அந்தப் பிள்ளையின் பெயரையே யாரும் எடுப்பதில்லை. "அது தங்கலப்பா" என்று முடித்துவிடுவார்கள். எதனால் தங்கவில்லை என்பதுதான் எனக்கு வேண்டிய செய்தி.

குலப் பெருமை பேசுகிறவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. குலம் தந்தைவழி. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று ஒற்றைக் கோடாக ஏறுகிறது. அந்தக் கோட்டில் பிசகாமல் இறங்கிவருவது 46இல் ஒன்றான ஒய் மட்டும். பத்துத் தலைமுறை மேலே போனால் உங்களுக்கு 1,024 முன்னோர் இடம். அதில் ஒரே ஒருவருக்குத்தான் குலம் கணக்கு வைத்திருக்கிறது. மகளுக்கு அந்த ஒய்யும் கிடையாது.

தோல் நிறத்தைப் பற்றியும் கேட்பீர்கள். குங்குமப்பூவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பட்டாணிபோல ஒரு குறிப்பு ஆடும் ஆட்டம் இல்லை அது, பல குறிப்புகள் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைப்பது. அதனால்தான் ஒரே வீட்டில் மூத்தவன் மாநிறம், இளையவள் கறுப்பு. மருத்துவமனையில் பிள்ளை மாறிவிட்டதோ என்று கேலி பேசும் சித்தப்பாக்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொள்ளலாம்.

நேரமாகிவிட்டது, கூட்டத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். தாத்தாவின் மிளகாயை முடித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

எனக்கு ஒரு மகள். என்னிடம் இருக்கும் ஒரே எக்ஸ், தாத்தாவிடமிருந்து அம்மா வழியாக வந்தது, அவளுக்குத்தான் போயிருக்கிறது. அவளுக்குப் பச்சையும் சிவப்பும் பளிச்சென்று தெரியும். அவள் மகனுக்கு இப்போது நான்கு வயது முடிந்திருக்கிறது. இரண்டில் ஒரு வாய்ப்பு. கிளினிக்கில் வண்ணப் புள்ளி அட்டை காட்டிச் சோதிக்கலாம், இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்றார்கள். எனக்குப் பொறுமை இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பின்கட்டுத் தொட்டியிலிருந்து கை நிறைய மிளகாய் பறித்துவந்து, ஒரு சுளகில் கொட்டி, "ஐயா, பழத்த இந்தப் பக்கம் வை, காய அந்தப் பக்கம் வை" என்றேன். நாக்கைத் துருத்திக்கொண்டு வெகு கவனமாக வைத்தான். இரண்டு குவியல். "சரியா தாத்தா?" என்று என் முகத்தைப் பார்த்தான்.

சுளகைக் குனிந்து பார்த்தேன். பிறகு அடுப்படியில் இருந்த என் மகளைக் கூப்பிட்டேன்.